கிளம்ப மறுக்கும் ராட்சதன்

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. வற்றிக் கிடக்கும் குளத்தின் நடுவில் மண் அள்ளும் யந்திரம் ஒன்று நிற்கிறது. எடை ஏழு டன்னுக்கு மேல். ஊரே திரண்டு மண்வெட்டி பிடித்தாலும் ஈடு கொடுக்க முடியாத ராட்சதன் அது. காலை ஆறு மணிக்கு ஆபரேட்டர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறார். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான்! மறுபடியும் திருப்புகிறார். மறுபடியும் 'டக்'. கரையில் டிப்பர் லாரிகள் வரிசையாகக் காத்திருக்கின்றன. ராட்சதன் அசைந்தால் அல்லவா அவை அசையும்?

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் பனவடலிசத்திரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. வடலி என்றால் இளம் பனை. சத்திரம் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. பழைய திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த இந்தப் பக்கம், 2019-ல் தென்காசி தனி மாவட்டமானபோது அதனோடு சேர்ந்துகொண்டது. மேற்கே மலை மறைப்பதால் தென்மேற்குப் பருவமழை இங்கே தாராளமாக எட்டிப் பார்ப்பதில்லை. குளத்தையும் கிணற்றையும் நம்பிய பூமி. குளத்தைத் தூர் வாரவும், கிணற்றை ஆழப்படுத்தவும், வரப்பைச் சமன் செய்யவும் ஒரு காலத்தில் மனிதக் கைகள் இருந்தன. 2017-ல் தமிழக அரசு குடிமராமத்து வேலையை மறுபடி தொடங்கியபோது பழைய பெயர் திரும்பி வந்ததே தவிர, பழைய மண்வெட்டிகள் வரவில்லை. யந்திரங்களே வந்தன.

இந்த யந்திரங்களில் பெரும்பாலானவை கடனில் வாங்கியவை. மணிக்கணக்கில் வாடகை, மாதக் கணக்கில் தவணை. யந்திரம் நின்றால் வாடகை நிற்கும், தவணை நிற்காது. அதுகூடப் போகட்டும். மழை இறங்கிவிட்டால்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செண்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அப்படி ஒரு மழை வரும்போது குளத்துக்குள் நிற்கும் யந்திரத்தைக் கரையேற்ற முடியாமல் போனால், முதலுக்கே மோசம்.

இத்தனைக்கும் காரணம் பெரும்பாலும் ஒரு துருப்பிடித்த ஆணியாகவோ, தளர்ந்த ஒரு கம்பியாகவோ இருக்கும் என்பதுதான் வேடிக்கை.

கைப்பிடி போய்ச் சாவி வந்தது

மோட்டார் வண்டியின் ஆரம்ப நாட்களில் முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்பினார்கள். பஸ்ஸுக்கு முன்னால் கிளீனர் கால்களை அகட்டி நின்று கைப்பிடி சுற்றிய காட்சி வயதானவர்களுக்கு நினைவிருக்கும். எஞ்சின் சில சமயம் எதிர்த் திசையில் உதைக்கும். அப்போது கைப்பிடி பிடித்தவனின் மணிக்கட்டு முறியும், தாடை பெயரும். பெட்ரோல் வண்டிக்கே இந்தக் கதி. டீசல் எஞ்சினோ காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு நெருக்கிப் பிழிந்து, அந்த உஷ்ணத்திலேயே எண்ணெயைப் பற்றவைப்பது. மனிதக் கை அங்கே எம்மாத்திரம்?

டீசலைக் கிளப்ப மனிதன் செய்யாத தந்திரமில்லை. ஜெர்மனியின் லான்ஸ் புல்டாக் டிராக்டருக்கு முகத்தில் ஊதுவிளக்கை வைத்துச் சூடேற்றி, ஸ்டீரிங் சக்கரத்தையே கழற்றிப் பக்கவாட்டில் மாட்டிச் சுற்றுவார்கள். இங்கிலாந்தின் பீல்டு மார்ஷல் டிராக்டருக்குக் கனன்று புகையும் காகிதச் சுருளை எஞ்சின் தலைக்குள் திணிப்பார்கள். அவசரமென்றால் துப்பாக்கித் தோட்டா போன்ற ஒன்றைப் போட்டு வெடிப்பதும் உண்டு. அமெரிக்காவின் காட்டர்பில்லர் கம்பெனி 1931-ல் டீசல் டிராக்டரை வெளியிட்டபோது, பெரிய எஞ்சினைச் சுற்றுவதற்காகவே சிறிய பெட்ரோல் எஞ்சின் ஒன்றைப் பக்கத்தில் வைத்தது. யானையை எழுப்ப ஒரு குதிரை!

இந்தத் தொல்லைக்கெல்லாம் மருந்து கண்டவர் சார்ல்ஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர். கடைகளில் காசு வாங்கிப் போடும் பெட்டிக்கு மின்சார மோட்டார் பொருத்தியவர் அவர்தான். அந்த மோட்டார் நாள் முழுதும் ஓட வேண்டியதில்லை. ஒரு கணம் முக்கினால் போதும். ஒரு கணம் மட்டும் வேலை செய்வதாக இருந்தால், சிறிய மோட்டாரைக்கொண்டு பெரிய வேலை வாங்கலாம் அல்லவா? மோட்டார் வண்டிக்கும் அதே யுக்திதான். 1912-ம் வருஷத்துக் காடில்லாக் கார்களில் அவருடைய மின்சார ஸ்டார்ட்டர் பொருத்தப்பட்டு வந்தது. 'தானாகவே கிளம்பும்' என்ற பொருளில் அதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரின் முதல் பாதியைத்தான் நம்மூர் மெக்கானிக்குகள் 'செல்ப்' என்று பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஸ்டார்ட்டர் என்று சொன்னால் திரும்பிப் பார்ப்பவர் குறைவு. செல்ப் என்றால்தான் புரியும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார் மதுரையில் தொடங்கிய மோட்டார் வியாபாரம், 1961-ல் இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, சென்னைக்கு அருகே பாடியில் செல்ப் மோட்டாரும் டைனமோவும் செய்யத் தொடங்கியது. பாடியில் பஸ் நிற்கும் இடத்துக்கே லூகாஸ் என்று பெயர் விழுந்துவிட்டது.

காது சொல்லும் நோய்

கிணற்றடியில் ஓடும் 5 குதிரைசக்தி பம்பு மோட்டாரை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மண் அள்ளும் யந்திரத்தின் செல்ப்பும் ஏறக்குறைய அந்த அளவு சக்தி தருவதுதான். ஆனால் பம்பு மோட்டாருக்கு 400 வோல்டுக்கு மேல் கிடைக்கிறது. ஆகவே ஏழெட்டு ஆம்பியரில் காரியம் முடிகிறது. செல்ப்புக்குக் கிடைப்பதோ 12 வோல்ட். பெரிய பொக்லைன்களிலும் புல்டோசர்களிலும் இரண்டு பாட்டரிகளைச் சேர்த்து 24 வோல்ட். வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏற வேண்டும். 12 வோல்ட் செல்ப் எஞ்சினைச் சுற்றும்போது 300 முதல் 500 ஆம்பியர் வரை இழுக்கிறது. கட்டைவிரல் தடிமனில் கேபிள் போட்டிருப்பது இதற்காகத்தான்.

சாவியைத் திருப்பினால் இந்தப் பெருவெள்ளம் சாவி வழியாக வருவதில்லை. வந்தால் சாவியே உருகிவிடும். சாவி ஒரு சிறு மின்சாரத்தை அனுப்பும். அது ரிலே வழியாகச் செல்ப்பின் தலையில் உள்ள சொலினாய்டுக்குப் போகும். சொலினாய்டு காந்தமாகி இரும்புத் தண்டை இழுக்கும். அந்தத் தண்டு இரண்டு காரியம் செய்கிறது: சிறு பல்சக்கரத்தை எஞ்சினின் பெரிய பல்சக்கரத்தில் கொண்டுபோய்க் கோக்கிறது, அதே சமயம் ஒரு செம்புத் தட்டை அழுத்திப் பாட்டரியின் முழு வெள்ளத்தையும் மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது.

அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்குப் போனில் தகவல் வந்தால் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

"செல்ப் எடுக்க மாட்டேங்கு அண்ணாச்சி."

"சத்தம் எப்படி வருது தம்பி?"

இந்தக் கேள்விக்கு வரும் பதிலில் பாதி நோய் தெரிந்துவிடும். 'டக டக டக டக' என்று மரங்கொத்தி போல் விடாமல் சத்தம் வந்தால் பாட்டரி பலவீனம், அல்லது இணைப்பு பலவீனம். சொலினாய்டு இழுக்கிறது, மோட்டார் மின்சாரத்தை உறிஞ்சுகிறது, உடனே வோல்ட் சரிகிறது, பிடித்துக்கொண்டிருக்கத் தெம்பில்லாமல் சொலினாய்டு விட்டுவிடுகிறது. விட்ட மறுகணம் வோல்ட் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. இப்படி இழுப்பதும் விடுவதுமாக நடக்கும் இந்தக் கூத்துதான் அந்தச் சத்தம். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் வந்து அடங்கினால், சொலினாய்டின் செம்புத் தட்டு கருகியிருக்கலாம். மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். இணைப்பிலும் கோளாறு இருக்கலாம். 'விர்ர்' என்று செல்ப் மட்டும் சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் பல்சக்கரம் கோக்கவில்லை; மின்சாரத்தின் பேரில் குற்றமில்லை.

சத்தமே இல்லையென்றால்? பியூஸ், ரிலே, சாவி என்று வரிசையாகப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் கியர் நெம்புகோலைப் பார்க்க வேண்டும். அது நியூட்ரலில் இல்லாவிட்டால் செல்ப்புக்கு மின்சாரம் போகாதபடி ஒரு காவல் சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். பொக்லைனில் ஆசனத்துக்கு இடப்புறமுள்ள பூட்டு நெம்புகோல் உரிய நிலையில் இல்லாவிட்டாலும் பல மாடல்களில் இதே கதைதான். இருபது கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில் வந்து, நெம்புகோலை ஒரு விரலால் தள்ளிவிட்டுத் திரும்பிப் போன எலக்ட்ரீஷியன்கள் இந்தத் தொழிலில் ஏராளம். கூலி கேட்க அவருக்கும் கூச்சம், கொடுக்க இவருக்கும் கூச்சம்.

இன்னொரு எச்சரிக்கை. யந்திரம் இரவில் தண்ணீரில் முங்கியிருந்தால் சாவியைத் தொடவே கூடாது. காற்றுக் குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கலாம். காற்றை நெருக்கலாம், நீரை நெருக்க முடியாது. அந்த நிலையில் செல்ப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். ஆயிரத்தில் முடிய வேண்டிய செலவு லட்சத்துக்குப் போகும்.

மடை திறந்தால்தான் தெரியும்

பாட்டரியில் 12.6 வோல்ட் இருக்கிறது. செல்ப்பின் முனையில் மீட்டரை வைத்தால் அங்கேயும் 12.6 வோல்ட் காட்டுகிறது. சோதனை பல்ப் பிரகாசமாக எரிகிறது. ஆனாலும் செல்ப் சுற்றவில்லை. 'அப்படியானால் செல்ப் போயிற்று' என்று தீர்ப்பெழுதிக் கழற்றிக் கொண்டுபோகிறார்கள். புதுச் செல்ப் மாட்டுகிறார்கள். அதுவும் சுற்றவில்லை! பல ஆயிரம் ரூபாயை விழுங்கும் தப்புக் கணக்கு இது.

எங்கே தப்பு? குளத்து மடையை நினைத்துப் பாருங்கள். மடை மூடியிருக்கும்போது குழாய்க்குள் நீர் குளத்தின் மட்டத்துக்கே நிற்கும். குழாயில் பாதி சேறு அடைத்திருந்தாலும் மட்டம் குறையாது. மடையைத் திறந்தால்தான் குட்டு வெளிப்படும். பாய வேண்டிய நீர் கசிந்து சொட்டும். மின்சாரமும் அப்படியே. முப்பது இழைகளில் ஒரே ஓர் இழை அறாமல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டருக்கு 12 வோல்ட் வந்துவிடும். சோதனை பல்பும் எரிந்துவிடும். 400 ஆம்பியர் பாயச் சொன்னால்தான் அதன் வண்டவாளம் தெரியும். ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும். 400 ஆம்பியரில் 4 வோல்ட் அங்கேயே தின்றுபோய்விடும். நூறில் ஒரு பங்கு ஓமைச் சாதாரண மீட்டரால் நேரடியாக அளக்கவும் முடியாது.

இதற்குப் பெரிய யந்திரம் ஒன்றும் வேண்டாம். சில நூறு ரூபாய் மல்டிமீட்டரே போதும். வைக்கும் இடமும் நேரமும்தான் முக்கியம். மீட்டரின் சிவப்பு முனையைப் பாட்டரியின் பாஸிடிவ் ஈயக் கட்டையின் மேலேயே வைக்க வேண்டும். கேபிள் பூட்டின் மேல் அல்ல. கறுப்பு முனையைச் செல்ப்பில் கேபிள் மாட்டும் போல்டில் வைக்க வேண்டும். பிறகு ஆசனத்தில் உள்ளவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்பதை மீட்டர் நேராகக் காட்டிவிடும். 12 வோல்ட் வண்டியில் அரை வோல்டுக்குள் இருந்தால் வழி சுத்தம். இரண்டு, மூன்று என்று காட்டினால் திருடன் அந்தக் கேபிளில் இருக்கிறான்.

மின்சாரம் திரும்பி வரும் பாதைக்கும் இதே சோதனை உண்டு. பாட்டரியின் நெகடிவ் கட்டையில் ஒரு முனை. செல்ப்பின் இரும்பு உடம்பில் மறுமுனை. பலரும் மறந்துபோவது இந்தப் பாதையைத்தான். எஞ்சின் ரப்பர் மெத்தைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே எஞ்சினையும் சட்டத்தையும் இணைக்க, பின்னல் பட்டை ஒன்றைப் போட்டிருப்பார்கள். 'எர்த் பட்டை' என்பார்கள். கல் குவாரித் தூசியும் கரிசல் சேறும் எண்ணெயும் படிந்து, அதிர்ந்து அதிர்ந்து, அந்தப் பட்டை ஒவ்வோர் இழையாக அறும். அல்லது வண்டிக்குப் பெயிண்ட் அடித்தவர் போல்டுக்கு அடியிலும் சேர்த்து அடித்துவிட்டிருப்பார். புதுப் பெயிண்ட் அடித்த மறுவாரம் செல்ப் எடுக்கவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆசாமி அந்தப் பெயிண்ட்தான். போல்டைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளபளக்கத் தேய்த்து இறுக்கினால் காரியம் முடிந்தது. செலவு ஒரு டீ.

இரு பாதைகளும் சுத்தம். அப்போதும் 'டக்' மட்டும்தான் வருகிறது என்றால் சொலினாய்டின் இரண்டு பெரிய போல்டுகளுக்குக் குறுக்கே மீட்டரை வைக்கலாம். சாவி திருப்பியதும் எண் பூஜ்யத்துக்கு அருகே விழ வேண்டும். விழாமல் 12-லேயே நின்றால் செம்புத் தட்டு கருகிவிட்டது. விழுந்தும் மோட்டார் அசையவில்லை என்றால், அப்போது கழற்றலாம் செல்ப்பை. குற்றம் பெரும்பாலும் உள்ளே பிரஷ்ஷிலோ ஆர்மேச்சரிலோ இருக்கும். பாட்டரியின் கட்டைகளிலேயே செல்ப் இழுக்கும்போது 9.6 வோல்டுக்குக் கீழே சரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இத்தனையும். சரிந்தால் முதல் வைத்தியம் பாட்டரிக்கு.

ஸ்பானர் வைத்தியம்

கிராமத்துப் பக்கம் வேறொரு வைத்தியம் உண்டு. சாவியை மறந்துவிட்டு, கீழே இறங்கி, செல்ப்பின் இரு முனைகளையும் ஒரு ஸ்பானரால் தொட்டுவிடுவது. பொறி பறக்கும், எஞ்சின் சில சமயம் கிளம்பியும் விடும். சுற்றி நிற்பவர்கள் கெட்டிக்காரன் என்பார்கள்.

நியூட்ரல் காவல் சுவிட்ச் என்று சற்றுமுன் பார்த்தது இங்கே மறந்துபோகிறது. ஸ்பானர் அந்தக் காவலைச் சுற்றிக்கொண்டு போகிறது. யந்திரம் கியரில் நின்றிருந்தால், கிளம்பிய கணமே நகரும். டிராக்டரில் செல்ப்பைத் தொட வேண்டுமானால் பின்சக்கரத்துக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். ஆளுயரச் சக்கரம், விலக நேரம் கிடையாது. அமெரிக்க டிராக்டர் கம்பெனிகள் செல்ப்புக்கு அருகிலேயே, ஆசனத்தில் அமர்ந்துதான் கிளப்ப வேண்டும், கியரில் கிளப்பினால் சாவு என்று எச்சரிக்கை ஒட்டத் தொடங்கியது இப்படிச் செத்தவர்களால்தான். செல்ப் எடுக்காத யந்திரம் ஒரு நாள் கூலியைத் தின்னும். இதுவோ ஆளையே தின்னும்.

வேறு வண்டியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்புவதிலும் ஜாக்கிரதை வேண்டும். 24 வோல்ட் லாரியிலிருந்து 12 வோல்ட் யந்திரத்துக்குக் கேபிள் போட்டால் கம்ப்யூட்டர், மீட்டர், விளக்கு எல்லாம் ஒரு நொடியில் காலி. இரண்டும் ஒரே வோல்ட்தான் என்றாலும், கடைசி நெகடிவ் முனையைப் பாட்டரியில் மாட்டக் கூடாது; தள்ளியிருக்கும் சட்டத்து இரும்பில் மாட்ட வேண்டும். கடைசியாக மாட்டும் இடத்தில் பொறி பறக்கும். பாட்டரியிலிருந்து எழும் ஹைட்ரஜன் வாயு பொறியைக் கண்டால் வெடிக்கும். வெடித்தால் அமிலம் முகத்தில்.

எத்தனை அவசரமானாலும் செல்ப்பை ஒரேயடியாக அழுத்திக்கொண்டே இருக்கலாகாது. 30 விநாடிக்கு மேல் போகக் கூடாது; பிறகு இரண்டு நிமிஷம் ஓய்வு. ஒரு கணம் முக்குவதற்கென்றே கெட்டரிங் செய்த சாதனம் அல்லவா அது? விடாமல் அடித்தால் உள்ளே ஈயப் பற்று உருகித் தெறிக்கும்.

கிணற்றுத் தண்ணீர் ஆகாது

நிற்க. பாட்டரி ஏன் சாகிறது? குளிர் தேசங்களில் பனிக்காலத்தில் பாட்டரி படுத்துவிடும். இங்கே அதை வாட்டுவது கோடை. உஷ்ணம் 10 டிகிரி ஏறினால் பாட்டரியின் தேய்மானம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது ஒரு கணக்கு. அக்கினி நட்சத்திரத்தில் எஞ்சினின் அனலும் சேர்ந்தால் கேட்பானேன்? உள்ளே உள்ள நீர் வற்றும். வற்றியதும் பக்கத்துக் கிணற்றில் மொண்டு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். குடித்தாலே நாக்கில் கரிக்கும் தண்ணீர் பாட்டரிக்கு எப்படி ஆகும்? அதிலுள்ள உப்புகள் ஈயத் தகடுகளைக் கெடுத்துவிடும். டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கிவைக்க ஆகும் செலவைப் பாட்டரி விலையோடு ஒப்பிட்டால் கணக்குப் புரியும்.

முனைகளில் பூக்கும் வெள்ளை, பச்சைப் பூக்களைச் சோடா உப்புக் கரைத்த வெந்நீரால் கழுவி, உலர்த்தி, இறுக்கி, வாஸலைன் தடவலாம். கழுவும்போது பாட்டரியின் மூடிகள் இறுகியிருக்கட்டும். சோடா உப்பு நீர் உள்ளே போனால் அமிலம் வீணாகும். மூடி திறக்கும் பாட்டரி என்றால் ஹைட்ரோமீட்டரால் ஆறு அறைகளையும் தனித்தனியே பார்ப்பது நல்லது. ஐந்து அறைகள் 1240 காட்டி ஒன்று மட்டும் 1180 காட்டினால் அந்த அறை நோயாளி. எத்தனை சார்ஜ் ஏற்றினாலும் மறுநாள் பழைய குருடிதான். எஞ்சின் ஓடும்போது முனைகளில் 14 வோல்டை ஒட்டி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். 24 வோல்ட் வண்டியானால் 28. இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் தரவில்லை. புதுப் பாட்டரி வாங்கி மாட்டினாலும் அதுவும் நாலு நாளில் படுக்கும்.

முன்னெல்லாம் யந்திரம் ஒரு மாதம் சும்மா நின்றாலும் கிளம்பும். இப்போது பத்திருபது நாள் நின்றாலே சில வண்டிகள் முரண்டு பிடிப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. எங்கே நிற்கிறது, எத்தனை மணி ஓடியது என்று முதலாளிக்குச் சேதி சொல்லும் ஜி.பி.எஸ். கருவி சாவியை அணைத்த பிறகும் தூங்குவதில்லை. 50 மில்லி ஆம்பியர் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. ஒரு மாதத்தில் 36. நூறு ஆம்பியர் மணி பாட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. பழைய பாட்டரி என்றால் செல்ப் இழுக்க மிச்சம் இராது. 2021-ல் புதுப் புகை விதிகள் வந்தபின் கம்ப்யூட்டர் பொருத்திய யந்திரங்கள் பெருகிவிட்டன. அவற்றில் இன்னொரு கூத்தும் உண்டு. பாட்டரி தளர்ந்திருந்தால் செல்ப் சுற்றும், ஆனால் சுற்றும்போது வோல்ட் சரிவதால் கம்ப்யூட்டர் மயங்கிவிடும், டீசல் போகாது. எஞ்சின் சுற்றுகிறதே என்று டீசல் பம்பைப் பிரிப்பவர்கள் உண்டு.

வேலையில்லாமல் நிறுத்தும் நாட்களுக்காகவே பாட்டரிக்குப் பக்கத்தில் ஒரு கட்-ஆப் சுவிட்ச் இருக்கிறது. அதைத் திருகிவிட்டுப் போனால் பாட்டரி பிழைக்கும். சாவியை அணைத்த மறுவிநாடியே திருகுவதுதான் தப்பு. புது யந்திரங்களில் எஞ்சின் நின்றபின்பும் கம்ப்யூட்டர் தன் கணக்கை எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும். எத்தனை நிமிஷம் என்று யந்திரத்தோடு வந்த புத்தகத்தில் அச்சிட்டிருக்கிறது. அந்தப் புத்தகம் பல யந்திரங்களில் ஆசனத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கிறது.